கதர் அங்கியும் பரீட்சைப் பட்டமும்

காவேரியின் இக்கரையில் குமாரபாளையமும் அக்கரையில் பவானியும் தறியோசையோடு கண் விழித்துத் தறியோசையோடு கண் மூடும் ஊர்கள். துணியைப் பற்றி இவ்வூராருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. நூலின் தரமும் சாயத்தின் நிறமும் அவர்கள் கையறிந்த விஷயங்கள். ஆனால் கைந்நூற்றுக் கைநெய்த ஒரு துணியை உடுத்தமையால் வைத்திய மாணவர் ஒருவர் தமக்குரிய பட்டத்தை இழக்க நேர்ந்தது என்பதையும், அம்மாணவர் பிற்காலத்தில் கண்டுபிடித்தவற்றால் எத்தனையோ தேசத்து மக்கள் உயிர் பிழைத்தனர் என்பதையும் இங்குள்ள வாலிபரில் பலர் அறியார். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவருடைய சரிதத்தை இன்று எடுத்துரைக்க நமக்குத் தக்க காரணம் உண்டு.

நமது ஜில்லாவின் தலைநகராகிய நாமக்கல்லில் சர்க்கார் வைத்தியக் கல்லூரியொன்று 2022-ஆம் வருஷம் ஜனவரி 12-ஆம் தேதி திறந்து வைக்கப்பட்டது. அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொரு கல்லூரிகளில் அதுவும் ஒன்று. சர்க்கார் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு வைத்தியப் படிப்பில் நூற்றுக்கு 7.5 இடங்கள் ஒதுக்கும் சட்டமும் 2020-இல் இயற்றப்பட்டது. ஆகவே தகப்பன் தறியிலும் தாய் ராட்டையிலும் அமர்ந்திருக்கும் வீடுகளிலிருந்து பிள்ளைகள் வைத்தியக் கல்லூரிக்குப் போகும் காலம் வந்துவிட்டது. இது நாம் மகிழ வேண்டிய காலம். எனினும் வாசலைக் கடந்து உள்ளே சென்ற பிள்ளைக்கு முதல் வருஷ முடிவில் ஒரு பரீட்சை காத்து நிற்கிறது. உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியல் என்னும் மூன்று சாஸ்திரங்களையும் ஏறக்குறைய ஒரு வருஷத்தில் கற்று, ஆங்கிலத்தில் எழுதிக் காட்டித் தேற வேண்டும். இதில் நான்கு முறைக்கு மேல் ஒருவர் அமரலாகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் விதி செய்திருக்கிறது. ஊரில் முதல் மதிப்பெண் வாங்கிப் பழகிய பிள்ளை, தன் வாழ்நாளில் முதன்முதலாகத் தவறுவது பெரும்பாலும் இப்பரீட்சையில்தான். தவறியதும், ஊர் என்ன சொல்லும், தகப்பனார் முகத்தில் எப்படி விழிப்பது என்று மனம் இடிந்து போகிறது. சில வீடுகளில் அவ்விடிவு திரும்ப மீளாத துக்கமாகவும் முடிந்திருக்கிறது. அத்தகைய பிள்ளைகளும் அவர்களைப் பெற்றோரும் சுப்பாராவின் சரிதத்தை அறிந்திருத்தல் அவசியம் என்பது நமது துணிபு.

சுப்பாராவ் 1895-ஆம் வருஷம் ஜனவரி 12-ஆம் தேதி, அக்காலச் சென்னை ராஜதானியைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். நாமக்கல் கல்லூரி திறக்கப்பட்ட தேதியும் அவர் பிறந்த தேதியும் ஒன்றாய் அமைந்தது தற்செயலே. எனினும் நினைவில் வைக்கத் தக்கது. அவருடைய தகப்பனார் ஜகந்நாதம், தாயார் வேங்கம்மா. குடும்பத்தில் ஏழ்மையும் நோயும் குடிகொண்டிருந்தன. சிறுவருக்குப் பள்ளிப் படிப்பில் நாட்டம் இல்லை. பதின்மூன்று வயதளவில், காசியில் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் சம்பாதிக்கலாம் என்று எண்ணி வீட்டை விட்டு ஓடினார். தாயார் விட்டாரில்லை, ஆள் வைத்துப் பிடித்து வந்து மறுபடியும் பள்ளியில் அமர்த்தினார். அந்த அம்மையாரின் பிடிவாதம் இல்லையேல் இந்தச் சரிதமே இல்லை.

பிடித்து வந்து அமர்த்தியதனால் மட்டும் படிப்பு வந்துவிடுமா? ராஜமஹேந்திரவரத்தில் பயின்றபோது மெட்ரிகுலேஷன் பரீட்சையில் அவர் தவறினார். மறுமுறையும் தவறினார். பிறகு சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி ஹிந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து மூன்றாம் முறை எழுதித் தேறினார். இதை நாம் சற்று நிறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பெரியோர் சரிதம் எழுதுவோர் அவர்கள் தொட்டிலிலேயே மேதைகளாய் இருந்ததாக எழுதுவது வழக்கம். சுப்பாராவின் விஷயத்தில் அவ்வழக்கம் செல்லாது. பள்ளி இறுதிப் பரீட்சைக்கு இரு முறை மட்டுமே அனுமதி என்று அன்று ஒரு விதி இருந்திருக்குமாயின், பீமவரத்துக் கடைத்தெருவில் ஒரு குமாஸ்தா அதிகமாக இருந்திருப்பார். உலகத்துக்கு வேறு நஷ்டம் தெரிந்திராது.

மெட்ரிகுலேஷன் தேறியபின் அவர் சென்னை ராஜதானிக் கல்லூரியில் இண்டர்மீடியட் படித்தார். கணித சாஸ்திரத்தில் அவருக்குப் பிரியம் அதிகம். அதே காலத்தில் ஸ்ரீ ராமகிருஷ்ண மடத்தாரின் தொடர்பும் ஏற்பட்டது. சந்நியாசம் பூண்டு ஜன சேவை செய்ய வேண்டும் என்று அவர் உள்ளம் அவாவியது. தாயார் இசையவில்லை. தாயின் சம்மதம் இல்லாத துறவை மடத்துப் பெரியோர்களும் ஆதரிக்கவில்லை. வைத்தியம் கற்றுப் பிணி தீர்ப்பதும் சேவையே என்று வழி காட்டினர். அவ்வழியே அவர் சென்னை வைத்தியக் கல்லூரியை அடைந்தார். 1835-இல் பாடசாலையாகத் தொடங்கிப் பின்னர் கல்லூரியாக உயர்ந்த அந்த ஸ்தாபனம் அக்காலத்தில் இந்தியன் மெடிகல் ஸர்வீஸைச் சேர்ந்த வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களின் ஆட்சியில் இருந்தது. சுப்பாராவ் கைப்பணம் இல்லாதவர். நண்பர்களும், கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தி என்னும் தனவந்தரும் கொடுத்த பொருளால் படிப்பு நடந்தது. அவர் குமாரத்தி சேஷகிரியை 1919-இல் சுப்பாராவ் மணந்தார்.

அவ்வருஷங்களில் குடும்பத்தில் பேரிடி ஒன்று விழுந்தது. அவருடைய சகோதரர் இருவர் சில நாள் இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். இருவரையும் கொண்டுபோனது உஷ்ண தேசங்களில் காணும் கிராணி நோய். உண்ட உணவின் சாரம் உடலில் ஒட்டாது கழிந்து, இரத்தம் வெளிறி, ஆள் நாளுக்கு நாள் உருகிப் போவது அந்நோயின் இயல்பு. பிற்பாடு சுப்பாராவையும் அதுவே பற்றியது. மேனாட்டு வைத்தியத்தில் அதற்குச் சரியான மருந்து அந்நாளில் இல்லை. ஆயுர்வேதப் பண்டிதரும் மேனாட்டு வைத்தியப் பட்டதாரியுமான டாக்டர் ஆசண்ட லக்ஷ்மீபதியின் சிகிச்சையால் அவர் பிழைத்தார். சகோதரர்களைக் கொன்ற நோயின் வேரைக் காண வேண்டும் என்ற வேட்கை அவர் நெஞ்சில் அப்போதே ஊன்றியது.

அந்நிலையில் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் தேசமெங்கும் பரவிற்று. அந்நியத் துணியை விலக்கிக் கதர் உடுக்குமாறு மகாத்மா அழைத்தார். வழக்கறிஞர் நீதிமன்றங்களை விட்டனர். மாணவர் பள்ளிகளை விட்டனர். சுப்பாராவ் கல்லூரியை விடவில்லை; விட்டால் திரும்பவும் சேர வழியில்லாத ஏழை அவர். ஆனால் உடையை விட்டார். கதர் உடுத்திக் கல்லூரி சென்றதோடு நில்லாமல், ரணசிகிச்சை அறையில் அணியும் அங்கியையும் கதரிலேயே தைத்து அணிந்து நின்றார். தெருவில் கதர் உடுத்துவது ஒன்று. வெள்ளைக்காரப் பேராசிரியர் கத்தி பிடிக்கும் மேஜையின் பக்கத்தில், அவர் கண்ணெதிரே கதர் உடுத்தி நிற்பது முற்றிலும் வேறு. முன்னதில் கூட்டத்தோடு கூட்டமாய் நிற்கலாம். பின்னதில் தனியனாகவே நிற்க வேண்டும்.

ரணசிகிச்சைப் பேராசிரியர் பிராட்பீல்டுக்கு அது பிடிக்கவில்லை. இறுதிப் பரீட்சை வந்தது. எழுத்துப் பரீட்சைகளில் சுப்பாராவ் நன்றாகவே எழுதினார். முடிவில் அவருக்கு எம்.பி.பி.எஸ். என்னும் முழுப் பட்டம் கிடைக்கவில்லை, எல்.எம்.எஸ். என்ற தாழ்ந்த தரத்துச் சான்றே கிடைத்தது. வழக்கறிஞர் தொழிலில் சாட்சியங்களைத் தரம் பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. பரீட்சகர் ஒருவரின் மனத்துக்குள் புகுந்து பார்க்க எந்த நீதிமன்றத்தாலும் ஆகாது. மாணவர் கதர் உடுத்தினார், ஆசிரியர் அதிருப்தி கொண்டார், எழுத்தில் தேர்ச்சி இருந்தது, பட்டம் மறுக்கப்பட்டது. இந்நான்கும் நிரூபணமான விஷயங்கள். நான்கையும் வரிசையாக வைத்துப் பார்க்கும் பாரபட்சமற்ற வாசகர் தாமே முடிவு செய்து கொள்ளட்டும்.

பட்டத்தின் தரம் குறைந்ததால் வந்த தீங்கு சொற்பமன்று. சென்னை சர்க்காரின் வைத்திய உத்தியோகத்துக்கு அவர் முயன்றார், கிடைக்கவில்லை. மனைவியும், கடன் கொடுத்து உதவிய மாமனாரும், விதவைத் தாயும் எதிர்பார்த்திருக்கும் வேளையில் கையில் அரைப் பட்டத்தோடு ஒருவர் நிற்கும் நிலையைக் குடும்பஸ்தர் யாவரும் உணர்வர். அவரைப் பிழைப்பித்த லக்ஷ்மீபதி நடத்தி வந்த சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு போதிக்கும் ஆசிரியர் வேலை கிடைத்தது. அதை அவர் இழிவாகக் கொள்ளவில்லை. ஆயுர்வேத ஓளஷதங்களின் குணங்களை நவீன ரசாயன முறையில் சோதித்தறிய வேண்டும் என்ற ஆர்வம் அங்கேதான் வளர்ந்தது. அப்போது ராக்பெல்லர் தர்மத்தின் சார்பில் கொக்கிப்புழு நோயை ஒழிக்கும் பணிக்காகச் சென்னை வந்திருந்த அமெரிக்க வைத்தியர் ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்தார். ஆராய்ச்சிக்கு அமெரிக்காவே ஏற்ற இடம் என்ற எண்ணம் அச்சந்திப்பினால் உறுதிப்பட்டது. காக்கிநாடாவைச் சேர்ந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தர்மத்தார் உதவுவதாக வாக்களித்தனர். மாமனாரும் பணம் திரட்டினார். 1920-களின் ஆரம்பத்தில் சுப்பாராவ் கப்பலேறினார்.

பாஸ்டன் நகரை அவர் அடைந்தபோது கையில் இருந்தது சொற்பத் தொகை. ஹார்வர்டு சர்வகலாசாலையின் உஷ்ணதேச வைத்தியப் பிரிவில் சேர்ந்தார். சென்னையில் பெற்ற சான்றை வைத்துக்கொண்டு அந்நாட்டில் அவர் வைத்தியத் தொழில் நடத்த இயலாது. ஆதலின் பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரியில் இரவு வேலைக்காரராக அமர்ந்தார். நோயாளிகளின் மலச்சட்டிகளையும் சிறுநீர்ப் பாத்திரங்களையும் கழுவி வைப்பது அவ்வேலை. பகலில் வகுப்பு, இரவில் இவ்வூழியம். நம் நாட்டில் நாலெழுத்துப் படித்தவன் தண்ணீர்க் குடத்தைத் தூக்கவும் கூசுகிறான். வைத்தியக் கல்லூரியில் ஐந்தாறு வருஷம் பயின்று, கல்லூரி ஆசிரியராகவும் இருந்த ஒருவர் அந்த ஊழியத்தைச் செய்து படித்தார் என்பதை நமது வாலிபர் மனத்தில் இருத்துவது நலம். உஷ்ணதேச வைத்திய டிப்ளமோப் பரீட்சையில் தேறினார். இம்முறை அவர் என்ன துணி உடுத்தியிருக்கிறார் என்று எவரும் பார்க்கவில்லை.

பின்பு அவர் அதே சர்வகலாசாலையில் ஸைரஸ் பிஸ்கே என்னும் ஆசிரியருடன் உயிர்வேதியல் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளந்தறிய இருவரும் ஒரு முறை வகுத்து 1925-இல் வெளியிட்டனர். திரவத்தில் தோன்றும் நீலநிறத்தின் ஆழத்தைக் கொண்டு பொருளின் அளவைச் சொல்வது அம்முறை. பிஸ்கே-சுப்பாராவ் முறை என்ற பெயரால் அது உலகமெங்கும் சோதனைச் சாலைகளில் பரவிற்று. சாயத்தின் நிறம் பார்த்து அதன் பலம் சொல்லும் நமது சாயப்பட்டறைக்காரருக்கு இம்முறையின் அடிப்படை எளிதில் விளங்கும்.

அளக்கும் கோல் கைக்கு வந்ததும் அதுவரை கண்ணில் படாதவை தென்படலாயின. தசைகள் இயங்குவதற்குப் பலம் எங்கிருந்து வருகிறது என்பது அந்நாளில் பெரிய விவாதம். லாக்டிக் அமிலம் உண்டாவதே தசையியக்கத்துக்கு மூலம் என்ற கொள்கை மேலோங்கி நின்றது. பிஸ்கேயும் சுப்பாராவும் தசையில் பாஸ்போகிரியாடின் என்ற பொருள் இருப்பதையும், தசை உழைக்கையில் அது குறைந்து ஓய்கையில் மீண்டும் சேர்வதையும் 1927-இல் வெளியிட்டனர். இங்கிலாந்தில் எக்கிள்டன் தம்பதிகளும் அதே காலத்தில் அப்பொருளின் இருப்பைக் கண்டிருந்தனர். 1929-இல் அடினோஸின் டிரைபாஸ்பேட் என்னும் பொருளை இவ்விருவரும் தசையிலிருந்து பிரித்துக் காட்டினர். ஜெர்மனியில் கார்ல் லோமான் என்பவரும் அதே வருஷம் அதைக் கண்டறிந்தார். உயிருள்ளவை யாவும் தம் பலத்தைச் செலவிடுவதற்குக் கையாளும் நாணயம் போன்றது அப்பொருள். நெசவாளி ஒரு முறை நாடாவை எறிவதற்கும், மாடு ஏர் இழுப்பதற்கும், நாம் இவ்வரியை எழுதுவதற்கும் உடலுக்குள் அந்நாணயமே கைமாறுகிறது. 1930-இல் ஹார்வர்டு சர்வகலாசாலை சுப்பாராவுக்கு டாக்டர் பட்டம் அளித்தது.

இவ்விடத்தில் சரிதம் சுகமாக முடிந்தது என்று எண்ணிவிடலாகாது. இத்தனை செய்தும் ஹார்வர்டில் நிலையான ஆசிரியர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. இந்தியருக்கு அமெரிக்கப் பிரஜாவுரிமை கிடையாது என்று பகத்சிங் திண்ட் வழக்கில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1923-இல் தீர்ப்பளித்திருந்தது. 1946-இல் புதுச்சட்டம் வரும்வரை அத்தீர்ப்பே செல்லுபடியாயிற்று. வீட்டிலும் துக்கம். அவர் கடல் கடந்தபின் பிறந்த ஆண்மகவு, தகப்பன் முகம் காணாமலே, ஒரு வயது நிறையுமுன் தொற்று நோய்க்கு இரையாயிற்று. இரண்டொரு வருஷத்தில் திரும்புவதாகச் சொல்லிப் போனவர் திரும்பவே இல்லை. சேஷகிரியம்மாள் இங்கேயே காத்திருந்தார். ஒரு மேதையின் கீர்த்திக்கு வீட்டிலிருந்த பெண் கொடுத்த விலையைச் சரிதம் எழுதுவோர் விழுங்கிவிடுவதுண்டு. நாம் விழுங்க விரும்பவில்லை. சுப்பாராவின் புகழில் அந்த அம்மையாருக்கும் பங்கு உண்டு. அதற்கு எந்தச் சர்வகலாசாலையும் பட்டம் கொடுக்கவில்லை.

1940-இல் அவர் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாகாணத்துப் பெர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லே மருந்துச் சாலையில் சேர்ந்தார். அங்கே ஆராய்ச்சித் தலைவராகி, ரசாயனிகள், வைத்தியர், நுண்ணுயிர் நிபுணர் பலரை ஒன்றுகூட்டி வேலை வாங்கினார். அடுத்த எட்டு வருஷத்தில் அவர் தலைமையில் வெளிவந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னால் ஒருவர் ஒரு ஜன்மத்தில் செய்யக் கூடியவையா என்ற ஐயம் எழும்.

முதலாவது, போலிக் அமிலம். கர்ப்பிணிகளுக்கு வரும் இரத்தசோகையில் ஒருவகை, இரும்புச் சத்து கொடுத்தும் தீராதிருப்பதை லூஸி வில்ஸ் என்னும் ஆங்கில மாது பம்பாயில் நெசவாலைப் பெண்களிடையே ஆராய்ந்து, ஈஸ்ட் சத்தினால் அது தீர்வதை 1931-இல் வெளியிட்டார். ஈஸ்டிலிருக்கும் அப்பொருள் எது என்பது நெடுநாள் புதிராயிருந்தது. பல சோதனைச் சாலைகள் அதைத் தேடின. சுப்பாராவின் கூட்டத்தார் 1945-இல் அதன் அமைப்பைக் கண்டு, சோதனைச் சாலையிலேயே செய்தும் காட்டினர். அம்மருந்து கிராணி நோயையும் குணப்படுத்தியது. தம் சகோதரர் இருவரைக் கொன்று, தம்மையும் கொல்ல வந்த நோயை, கால் நூற்றாண்டுக்கு மேல் கழிந்து, பல்லாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து அவர் வென்றார். இன்று நமது ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்தோடு கொடுக்கும் மாத்திரையில் இருப்பது அந்தப் போலிக் அமிலமே. குமாரபாளையத்துத் தாய்மார் அதை உட்கொள்கின்றனர். அது யார் செய்த உபகாரம் என்பதை அறியார்.

இரண்டாவது, புற்றுநோய் மருந்து. போலிக் அமிலத்தைப் போலவே உருவமும், அதற்கு எதிரான குணமும் உடைய பொருள்களை அக்கூட்டத்தார் செய்தனர். அவற்றில் அமினாப்டெரின் என்பதைப் பாஸ்டன் நகரத்து வைத்தியர் சிட்னி பார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதுவரை அந்நோய்க்கு மருந்தென்று ஒன்று இல்லை. 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் சிறிது காலமேனும் பின்வாங்கியது என்று அவர் 1948-இல் அறிவித்தார். அதே இனத்தைச் சேர்ந்த மெதோடிரெக்ஸேட் என்னும் மருந்து இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் உலகமெங்கும் வழங்கப்படுகிறது.

மூன்றாவது, யானைக்கால் மருந்து. தஞ்சை ஜில்லாவில் கும்பகோணத்தின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்பட்ட அந்நோய்க்குக் காரணமான புழுவைக் கொல்லும் டையெதில்கார்பமஸீன் என்ற மருந்து 1947-இல் லெடர்லேயிலிருந்து வந்தது. நோயில்லாதாரும் வரிசையில் நின்று விழுங்குமாறு இந்திய சர்க்கார் ஊர்தோறும் வழங்கி வந்த மாத்திரை அதுவே. நான்காவது, 1948-இல் வெளியான ஆரியோமைஸின். பெஞ்சமின் டக்கர் என்னும் முதிய தாவர சாஸ்திரி மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து அதைக் கண்டெடுத்தார். அவரை அவ்வேலையில் அமர்த்தி ஊக்கியவர் சுப்பாராவ். டெட்ராஸைக்ளின் இன மருந்துகளுக்கெல்லாம் அதுவே மூத்தது.

1948-ஆம் வருஷம் ஆகஸ்டு மாத ஆரம்பத்தில், தாய்நாட்டின் சுதந்தரத்துக்கு ஓராண்டு நிறைவதற்குச் சில தினங்களே இருக்கையில், இருதய நோயால் அவர் நியூயார்க்கில் உறக்கத்திலேயே காலமானார். வயது ஐம்பத்துமூன்று. அமெரிக்கச் சட்டம் வழி திறந்த பின்னும் அவர் அந்நாட்டுப் பிரஜையாகாமலே மறைந்தார். தம் கண்டுபிடிப்புகளைப் பற்றிப் பிறர் பேச விட்டுத் தாம் பின்னால் நிற்பது அவர் சுபாவம். அதனால் அவர் பெயர் அந்நாட்டிலும் பரவவில்லை. நம் நாட்டிலும் பரவவில்லை. 1995-இல் அவர் பிறந்த நூற்றாண்டை முன்னிட்டு இந்திய சர்க்கார் தபால் தலை வெளியிட்டது.

நிற்க. இச்சரிதத்திலிருந்து தவறான பாடம் கற்போரும் உண்டு. பரீட்சையில் தவறியவரெல்லாம் மேதைகள் என்று தேறுதல் சொல்லிக்கொள்வது அசட்டுத்தனம். வைத்தியர் பரீட்சை கடுமையாகத்தான் இருக்க வேண்டும். உடற்கூறு அறியாதவன் கையில் கத்தியைக் கொடுப்பது கொலைக்கு அனுமதிச் சீட்டு கொடுப்பதாகும். சுப்பாராவ் பரீட்சையைப் பழித்துக்கொண்டு திண்ணையில் அமரவில்லை. மூன்றாம் முறை எழுதினார், டிப்ளமோவுக்கு எழுதினார், டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ந்தார். ஒரு வாசல் அடைபட்டால் மறு வாசலைத் தட்டினார். கீழ்க்கோர்ட்டில் தோற்றவன் மேல்கோர்ட்டுக்குப் போவதுபோல அவர் தம் தோல்விக்கு அப்பீல் செய்தார். அந்த அப்பீலுக்கு அவர் எழுதிய மனு வார்த்தைகளால் ஆனதன்று. இருபத்தைந்து வருஷ உழைப்பால் ஆனது.

ஆனால் தேசத்தை நடத்துவோர் கற்க வேண்டிய பாடம் வேறு. பரீட்சை, உள்ளே வருவோரைச் சோதிக்கும் வாசலே அன்றி, மனிதனின் மதிப்பை நிறுக்கும் தராசு அன்று. அவ்வாசலில் நிற்போர் உடையையும் பேச்சையும் ஊரையும் பார்த்துக் கதவைத் திறப்பாராயின், உள்ளே வர வேண்டியவர் கடல் கடந்து வேறு வாசலைத் தேடுவர். அன்று சென்னையில் உடை குறுக்கே நின்றது. இன்று வாய்மொழிப் பரீட்சையில், தமிழ்வழி படித்த பிள்ளை விஷயத்தை அறிந்திருந்தும் ஆங்கிலச் சொல் தேடித் தடுமாறும்போது பரீட்சகர் அறிவை அளக்கிறாரா, நாவை அளக்கிறாரா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். நான்கு முறைக்கு மேல் இல்லை என்ற விதியைச் செய்தவர்கள், தவறிய பிள்ளைக்கு அந்நான்கு முறைக்கும் இடையே தனிப் போதனையும் துணையும் கொடுக்கக் கல்லூரிகளைக் கட்டாயப்படுத்தவும் வேண்டும். வரம்பு மட்டும் விதித்து வழி காட்டாது விடுவது நியாயமாகாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. காசிக்கு ஓடிய மகனைத் திருப்பி அழைத்து வந்த வேங்கம்மா, அவன் இருமுறை தவறியபோதும் கைவிடவில்லை. பிள்ளை தவறிவிட்டான் என்ற செய்தி வரும் நாளில் வீட்டு வாசலில் அவனுக்கு முதலில் கிடைக்க வேண்டியது சோறும் உறக்கமும். கணக்குக் கேட்பதை நான்கு நாள் கழித்து வைத்துக்கொள்ளலாம்.

நாமக்கல்லிலும் சேலத்திலும் சென்னையிலும் இவ்வருஷம் முதற் பரீட்சைக்கு அமரும் மாணவர், உயிர்வேதியல் தாளில் தசைக்குப் பலம் தரும் பொருள் யாது, இரத்தத்தில் பாஸ்பரஸை அளப்பது எங்ஙனம், போலிக் அமிலம் உடலில் என்ன செய்கிறது என்ற கேள்விகளை எதிர்பார்த்தே படிக்கின்றனர். சுப்பாராவுக்கு முழுப் பட்டம் மறுத்த அதே சென்னைக் கல்லூரியின் மாணவரும் அவற்றைப் படித்தே தேற வேண்டியிருக்கிறது. கதர் அங்கியுடன் மேஜையோரம் தனித்து நின்ற அம்மாணவரை அந்நாளில் ரணசிகிச்சைக் கூடம் வெளியே தள்ளியது. இந்நாளில் அவர் கண்டவற்றை அறியாமல் எவரும் வைத்தியராக முடியாது. விடைத்தாளில் அவ்வரிகளை எழுதும் நம் பிள்ளைகள், அவை யாருடையவை என்பதையும் அறிந்து எழுதுவார்களாக.